பெருமாயி வீட்டு உள்ளறைக் கதவு

ஒத்தவீட்டுப்பட்டிக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். நிறைய இருக்கிறது. யாரும் எடுத்துச் செலவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பெருமாயிக்கு ஒரே கவலை, மகள் தனக்கொடி. இரண்டு சம்பந்தம் வாசல்வரை வந்து திரும்பிவிட்டது. மூன்றாவதாக வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா வீட்டை உற்று உற்றுப் பார்ப்பவளாம். உள்ளறைக் கதவிலோ கரையான் அரித்த ஆறு ஓட்டை. இதுவும் தட்டிப்போனால் தாங்கமாட்டேன் என்று பெருமாயி அழுதேவிட்டாள்.

பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் சாத்தையா, வீரணன், ஒச்சப்பன் என்று மூன்று பேர். பக்கத்து ஊர் ஆசாரியிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டையை அடை, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய், அப்புறம் பெயிண்ட் அடி, தூள் மட்டும் அதே மரமாக இருக்கட்டும் என்றிருந்தார் அவர்.

அதே மரம் என்றால் எது என்று வீரணனுக்குச் சந்தேகம் வந்தது.

சாத்தையா கதவைத் தடவிக்கொண்டே யோசித்தான். "ஓட்டை எதுல இருக்கு? இந்தக் கதவுல. அப்ப தூளும் இந்தக் கதவுலதான் எடுக்கணும்."

நியாயம்தானே? கதவைக் கழற்றி, அடியில் ஒரு சாண் அறுத்து, அந்தத் துண்டை ராவித் தூளாக்கினார்கள். ஆறு ஓட்டையும் அடைபட்டது. பெருமாயிக்கு உயிர் வந்தது.

திரும்ப மாட்டியபோதுதான் கீழே ஒரு சாண் சந்து தெரிந்தது. ஆறு ஓட்டை போய் ஒன்றாகிவிட்டது, முன்னேற்றம்தான் என்றான் ஒச்சப்பன். ஆனாலும் அதையும் அடைக்க வேண்டாமா? மேலே ஒரு சாண் அறுத்தார்கள். குழைத்து ஒட்டினால் பொத்தென்று விழுந்தது. தூள் போதவில்லை என்று முடிவுசெய்து, பக்கவாட்டிலும் அறுத்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவு ஒரு முறம் அளவுக்கு இருந்தது. ஆனால் அதில் ஒரு ஓட்டையைக் காட்டிவிடுங்கள் பார்ப்போம். வழவழவென்று தேய்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

பெருமாயி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "என்னப்பா, கதவு சின்னதாப் போச்சே?"

"ஓட்டை இல்லைல்ல மதினி? நீங்க கேட்டது அதுதானே," என்றான் சாத்தையா.

அவள் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள், ஓட்டை இல்லைதான்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளறைக் கதவு நிலைக்கு நடுவே சாத்தையாவும் வீரணனும் அந்தப் பலகையைப் பிடித்தபடி நின்றார்கள். அதற்குப் பின்னால் காபித் தட்டோடு தனக்கொடி, தலை முதல் கால் வரை தெரிய நின்றாள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கதவு திறக்குமுன் பெண்ணைப் பார்ப்பது மரியாதையா என்ன? மாப்பிள்ளை ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தான், கூரையில்.

கதவைத் திறக்கச் சொன்னாள் மாப்பிள்ளையின் அம்மா. வீரணன் வாயாலேயே கிரீச்சென்று சத்தம் கொடுக்க, சாத்தையா பலகையைப் பக்கவாட்டில் திருப்பினான். பெண் வெளியே வந்தாள். மாப்பிள்ளை அப்போதுதான் அவளைப் பார்த்து வெட்கப்பட்டான்.

அவன் அம்மாக்காரி பெண்ணைப் பார்க்கவில்லை. பலகையை வாங்கித் தடவினாள், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஒரு பொட்டு ஓட்டை இல்ல. எங்களுக்குச் சம்மதம்," என்றாள் அவள். "ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி இவங்க வந்து எங்க வாசக்கதவையும் சரிபண்ணிக் கொடுக்கணும். அதுல முப்பது ஓட்டை."

பெருமாயி சந்தோஷத்தில் அழுதாள். சாத்தையாதான் முகம் வாடிப்போனான்.

"முப்பதுக்கு ஒரு கதவுத் தூள் காணாதேம்மா. அதே மரத்துல வேற ஏதாச்சும் இருக்கா?"

"அந்தக் கவலையே வேண்டாம்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா பெருமையாக. "தூணு, உத்தரம், விட்டம் எல்லாமே அதே மரந்தான்."