கால் கிலோ கூடிய கண்ணாடி

வெள்ளைக்கரடு என்னும் மலையடிவார ஊரில் மோட்டார்ப் பட்டறை ஒன்று உண்டு. அதில் நான்கு பேர் வேலை செய்தனர். நால்வருக்கும் பொதுவாக மூளை ஒன்று வாய்த்திருந்தால், முறை வைத்தாவது பயன்படுத்தியிருப்பார்கள், அதுவும் வாய்க்கவில்லை. தலைமை மேஸ்திரி மருதாசலம். அவருக்குக் கீழே ஆறுச்சாமி, திருமூர்த்தி, அவிநாசி என மூவர். மூவரும் மருதாசலத்தை அறிவாளி என்று நம்பினர். மருதாசலமும் அவ்வாறே நம்பினார். சண்டை சச்சரவின்றி அந்தப் பட்டறையில் எட்டப்பட்ட முடிவு அது ஒன்றுதான்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் பல் மருத்துவர் கிருபாகரன் தம் வண்டியைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி. இரண்டு இருக்கை. கூரை கிடையாது, கதவும் கிடையாது. காலைத் தூக்கி உள்ளே வைத்து இறங்கி அமர வேண்டும். உடம்பு முழுவதும் மெல்லிய ஃபைபர். பார்ப்பதற்குச் சக்கரம் வைத்த குளியல் தொட்டி போல இருக்கும். லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் ஒன்று அதன் முன்கண்ணாடியை உடைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டையையும் போட்டிருந்தது.

புதுக் கண்ணாடி கப்பலில் வந்து சேரப் பதினொரு மாதம் ஆயிற்று. அது உடைந்தால் உலகத்தில் வேறு கண்ணாடி இல்லை. இதைக் கேட்டதும் கோயம்புத்தூரில் உள்ள நல்ல பட்டறைகளெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டன. மருதாசலம் மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். அது அவர் காதில் விழவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிகளின் பேரணி. இங்கிருந்து கோத்தகிரி வரைக்கும் போகணும். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்தான் ஆகுது. காத்து முகத்துல அடிக்கக் கூடாது. என் முகத்துக்கு முன்னால கண்ணாடி இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

"இருக்குமுங்க டாக்டர்" என்றார் மருதாசலம்.

"வேலையைச் சரியாச் செஞ்சு முடிச்சா, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து சீட்டு உங்களுக்குத்தான் மேஸ்திரி."

இந்த ஒரு வாக்கியத்தில் மருதாசலம் தம்மை இழந்தார். அன்று மாலைக்குள் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினார். கல்யாணக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினார். தம்மைப் பத்தாண்டுகளாக மதிக்காத மைத்துனர் ரங்கசாமிக்குத் தகவல் அனுப்பினார்: ஞாயிறு காலை முதல் கொண்டை ஊசி வளைவில் கேமராவோடு நிற்கவும், வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கவும்.

டாக்டர் சென்னைக்கு ஒரு திருமணத்துக்குப் புறப்படும் முன், ஒரு தாளில் நான்கு கட்டளைகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். ஒன்று: இவ்வண்டியின் உயிரே எடைக்குறைவில் இருக்கிறது, வேலை முடிந்தபின் ஒரு கிராம்கூடக் கூடியிருக்கக் கூடாது. இரண்டு: கண்ணாடியில் கைரேகை படக் கூடாது. மூன்று: ரப்பர் பட்டைக்குச் சோப்பு நீர் தடவி, கயிறு கொடுத்து, மெல்லப் பொருத்த வேண்டும். நான்கு: பொருத்தியபின் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும், கண்ணாடி வழியாக உள்ளே ஒரு சொட்டும் கசியக் கூடாது.

அறிவுள்ள மனிதர் எழுதிய தெளிவான தாள். அது ஒட்டப்பட்ட சுவர்தான் பிழை.

வெள்ளிக்கிழமை காலையில் முதற்கட்டளையிலிருந்து தொடங்கினார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் லாரி எடை மேடையில் நிறுத்தினார்கள். அறுநூற்றுப் பத்துக் கிலோ என்று மேடை காட்டியது. பழைய கண்ணாடியைக் கழற்றி உருளைக்கிழங்கு மண்டித் தராசில் வைத்தார்கள்; பிறகு, புதியதைப் பெட்டியோடு தூக்கிப்போய்ப் பெட்டியின் எடையைக் கழித்துப் பார்த்தார்கள். புதியது கால் கிலோ கூடுதல்.

"வெள்ளைக்காரன் ஏமாத்திட்டானுங்க" என்றான் ஆறுச்சாமி.

உடைந்த கண்ணாடியின் நடுவிலிருந்த ஓட்டை வழியாக மருதாசலம் அவனை நெடுநேரம் பார்த்தார். ஓட்டையைப் பார்க்கவில்லை, ஆறுச்சாமியை மட்டுமே பார்த்தார். "கால் கிலோவை வண்டியில வேற எங்கயாவது குறைச்சாகணும்" என்றார்.

"பக்கத்து சீட்டைக் கழட்டிருவமுங்க" என்றான் திருமூர்த்தி. அந்த இருக்கை தனக்குக் கிடைக்கவில்லை என்னும் ஏக்கம் அவனுக்கு வியாழக்கிழமையிலிருந்தே இருந்தது.

"சீட்டு எதுக்கு? ஹாரனைக் கழட்டு. அது சும்மா கத்துறதுதானே, ஓடுறதுக்கா உதவுது?"

ஹாரன் நானூறு கிராம் இருந்தது. நூற்றைம்பது கிராம் அதிகமாகக் குறைகிறதே என்று அவிநாசி கவலைப்பட்டான். தாளைப் படித்துப் பார்த்தார்கள். கூடக் கூடாது என்றுதான் இருந்தது. குறைவதைப் பற்றிக் குறிப்பில்லை. ஹாரன் பரணுக்குப் போயிற்று.

இரண்டாம் கட்டளை அவர்களை மிகவும் துன்புறுத்தியது. கைரேகை படக் கூடாது என்றால் கையில் ரேகை இருக்கக் கூடாது என்று மருதாசலம் தெளிவுபடுத்தினார். மரத்தூளும் சோப்பும் போட்டு நால்வரும் ஒரு மணி நேரம் உள்ளங்கையைத் தேய்த்தார்கள்.

"எனக்கு ஆயுள் ரேகை மட்டும் கொஞ்சம் அழிஞ்ச மாதிரி இருக்குங்க மேஸ்திரி" என்றான் திருமூர்த்தி.

"தேய்க்கிறதை நிறுத்து. நீ ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது வேணும்."

கடைசியில் முழங்கையில் ரேகை இல்லை என்பதை அவிநாசி கண்டுபிடித்தான். எட்டு முழங்கைகள் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கின. வண்டியை நெருங்கும்போது தரையிலிருந்த சோப்பு நீரில் ஆறுச்சாமி வழுக்கினான். வழுக்கியவன், மூன்றாம் கட்டளைப்படி ரப்பர் பட்டையில் கொடுத்திருந்த கயிற்றைப் பிடித்தான். கயிறு ரப்பர் பட்டையின் விளிம்பைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்தது. கண்ணாடி மெல்லிய ஓசையோடு தன் இடத்தில் உட்கார்ந்தது. முப்பதாண்டு அனுபவமுள்ள ஒருவர் பொருத்தியிருந்தாலும் அவ்வளவு கச்சிதமாக அமைந்திராது.

அப்போது மாலை நான்கு மணி. அந்த நொடியில் நால்வரும் வீட்டுக்குப் போயிருந்தால், மருதாசலம் இன்று வேறு மனிதராக மதிக்கப்பட்டிருப்பார். ஆனால் தாளில் நான்காம் கட்டளை மிச்சமிருந்தது.

மருதாசலம் கறுப்புக் கண்ணாடியை அணிந்து, பக்கத்து இருக்கையில் இறங்கி அமர்ந்தார். கசிவைக் கண்காணிப்பதற்கு என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்த இருக்கையில் அமர்ந்து பார்ப்பதற்கு என்று தம்மிடம் சொல்லிக்கொண்டார். அவிநாசி ரப்பர்க் குழாயை உயர்த்திக் கண்ணாடியின் மேல் தண்ணீரைப் பாய்ச்சினான். கண்ணாடியைத் தாண்டிய தண்ணீர் கூரையில்லாத வண்டிக்குள் இறங்கியது.

"கசியுதுங்களா மேஸ்திரி?"

"கண்ணாடி வழியா ஒரு சொட்டு வரலை. ஊத்து."

தண்ணீர் அவர் முழங்காலை எட்டியது.

"இப்பங்க?"

"வரலைன்னு சொல்றேனில்ல?"

"இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருக்கீங்களேங்க."

"இது மேல இருந்து வர்ற தண்ணி. மேல இருந்து வர்றதைப் பத்தித் தாள்ல ஒண்ணும் எழுதலை. நீ ஊத்து."

சோதனை வெற்றி என்று இருட்டும் முன் அறிவிக்கப்பட்டது. தண்ணீரை ஊற்றச் சொன்ன தாள், வெளியேற்றச் சொல்லவில்லை. ஆகவே தண்ணீர் வண்டியிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலையில், எடையைக் கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பதற்கு வண்டியைத் தள்ளினார்கள். வண்டி நகர மறுத்தது. வழிநெடுகத் தளும்பிக்கொண்டே எடை மேடையேறியது. மேடை எண்ணூற்று எண்பது கிலோ காட்டியது.

முதல் கொண்டை ஊசி வளைவில் மைத்துனர் தனியாக நிற்கும் காட்சி மருதாசலத்தின் கண்முன் வந்தது.

"நேத்து இருந்ததை விட இருநூத்தி எழுபது கூடியிருக்கு. நேத்திலிருந்து வண்டியில நாம புதுசா என்ன வெச்சோம்?" என்று கேட்டார்.

மூவரும் யோசித்தார்கள். வண்டிக்குள் மிதந்துகொண்டிருந்த ஆறுச்சாமியின் செருப்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டும் யோசித்தார்கள்.

"கண்ணாடிதானுங்க" என்றான் திருமூர்த்தி.

"அப்ப கண்ணாடிதான் அத்தனை கனம்."

"மண்டித் தராசுல ஏழரைக் கிலோதானே காட்டுச்சுங்க?"

"அது உருளைக்கிழங்கு நிறுக்கிற தராசு. கண்ணாடியைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

எடை மேடைக் குமாஸ்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏனுங்க, உள்ளே தண்ணி நிக்குதே, அதைக் கொஞ்சம் பாருங்களேன்."

"அது சோதனைத் தண்ணி. சோதனையில தேறிடுச்சு. எங்க வேலையில நீங்க தலையிடாதீங்க" என்றார் மருதாசலம். குமாஸ்தா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கண்ணாடியைக் கழற்றினார்கள். மேடை எண்ணூற்று எழுபது காட்டியது.

"எடுத்துட்டோம்னு வண்டிக்கு இன்னும் உறைக்கலை, கொஞ்ச நேரம் ஆகும்" என்றார் மருதாசலம், நெற்றியைத் துடைக்கத் துண்டைத் தேடியபடியே. தேடக் குனிந்ததில் கறுப்புக் கண்ணாடி நழுவி வண்டிக்குள் விழுந்தது. அவிநாசி தோள் வரை கையை விட்டுத் துழாவினான். கறுப்புக் கண்ணாடியோடு, அடித்தட்டிலிருந்த ரப்பர் மூடி ஒன்றும் அவன் கையோடு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தண்ணீர் மேடையின் அடியில் ஓடிச் சாக்கடையில் கலந்தது. நால்வரும் எண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணூறு ஆயிற்று. எழுநூறு ஆயிற்று. அறுநூறில் வந்து நின்றது.

"உறைச்சிருச்சு பாரு" என்றார் மருதாசலம்.

இப்படியாக, கண்ணாடி இருந்தால் வண்டி கனக்கும், இல்லாவிட்டால் கனக்காது என்பது சந்தேகமின்றி நிறுவப்பட்டது. இனிக் கண்ணாடியை வண்டியில் வைப்பதற்கில்லை. ஆனால் டாக்டர் முகத்துக்கு முன்னால் கண்ணாடி இருந்தாக வேண்டும். பட்டறைக்குத் திரும்பி, சுவரையே பார்த்தபடி மதியம் வரை உட்கார்ந்திருந்தார்கள். வழியைக் கண்டவர் மருதாசலமே.

"முகத்துக்கு முன்னால இருக்கணும்னுதான் டாக்டர் சொன்னாரு. வண்டியில இருக்கணும்னு சொன்னாரா?"

"சொல்லலைங்க."

"அப்ப நாம தூக்கிட்டு முன்னால நடப்போம். வண்டிக்குக் கனமில்லை, டாக்டருக்குக் காத்தில்லை."

மூவரும் அவரைப் பெருமிதத்தோடு பார்த்தார்கள். பிறகு திருமூர்த்தி மெதுவாகக் கேட்டான்: "நீங்க சீட்டுல ஏறினா எடை ஏறாதுங்களா மேஸ்திரி?"

மருதாசலம் எண்பத்து நான்கு கிலோ. சுவரிலிருந்த தாளை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார். தமக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. கல்யாணக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "நானும் கண்ணாடிதான் தூக்குறேன்" என்றார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே தியாகம் அது. அதுவும் தேவையில்லாதது.

ஞாயிறு காலையில் டாக்டர் ரயிலிலிருந்து இறங்கி, நேராகப் பேரணி தொடங்கும் இடத்துக்கு ஓடிவந்தார். கொடியசைக்க ஒரு நிமிடம் இருந்தது. வண்டிக்குக் கண்ணாடி இல்லை. வண்டிக்கு ஐந்தடி முன்னால், நால்வர் முழங்கைகளில் கண்ணாடி நின்றது.

"யோவ் மேஸ்திரி, என்னய்யா இது? அதைக் கொண்டாந்து மாட்டுய்யா."

"எடை ஏறிடுமுங்க டாக்டர்."

"எந்த எடைய்யா?"

"நீங்க எழுதின எடைதானுங்க."

கொடி விழுந்தது. டாக்டர் வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினார். அது பரணில் இருந்ததால் பதில் சொல்லவில்லை. அந்தக் குறையை உணர்ந்த அவிநாசி, அவருக்காகத் தானே "பாம், பாம்" என்று கத்திக்கொண்டு நடந்தான். முப்பது வண்டிகள் அவர்களைத் தாண்டிச் சென்றன. டாக்டரும் தாண்டியிருப்பார்; ஆனால் தாண்டும்போது வண்டி கொஞ்சம் உரசினாலும் போதும், உலகத்தின் கடைசிக் கண்ணாடி தூளாகிவிடும். அவர் வலப்பக்கம் ஒதுங்கினால், முகத்துக்கு நேரே இருக்க வேண்டுமென்று நால்வரும் வலப்பக்கம் ஒதுங்கினார்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கம். ஆகவே அறுபதாண்டுப் பெருமையுள்ள அந்தப் பந்தய வண்டி, தன் கண்ணாடிக்குப் பின்னால் எருமை போல நடந்தது.

முதல் கொண்டை ஊசி வளைவில் மைத்துனர் ரங்கசாமி கேமராவோடு நின்றார். கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த மருதாசலம், தம் மாமனார் வீட்டார் காணும்படி தலையை நிமிர்த்தினார். சொன்ன சொல் தவறவில்லை. அவர் கண்ணாடிக்குப் பின்னால்தான் வந்தார். ரங்கசாமி மூன்று படங்கள் எடுத்தார். பத்தாண்டுகளில் முதன்முறையாக அவர் வாயிலிருந்து மருதாசலத்தைப் பற்றி எந்தச் சொல்லும் வரவில்லை.

அந்த மகிழ்ச்சியில் மருதாசலம் திரும்பி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இரு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, அறுவை செய்த கண்ணிலிருந்து கன்னத்தில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார்.

மருதாசலத்தின் முகம் மாறியது.

"நில்லுங்கடா" என்றார். "உள்ளே ஒரு சொட்டு கசிஞ்சிருக்கு."

நால்வரும் கண்ணாடியைச் சாலை நடுவே மெல்ல இறக்கினார்கள். அவிநாசி டாக்டரின் வண்டிக்குள் குனிந்து, சட்டைப்பையிலிருந்த ரப்பர் மூடியை எடுத்துப் பழைய இடத்தில் அழுத்தி அடைத்தான். ஆறுச்சாமி ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனான்.