வள்ளம் விட்டுக்கொடுத்த நாள்

குமரிக் கடற்கரையில் ஒரு மீனவர் வீட்டில் ஒரு கால்பந்து இருந்தது. வீட்டுக்கு ராஜா தான்தான் என்று அதற்கு ஒரு நினைப்பு. அதை அப்படியே தப்பென்றும் சொல்லிவிட முடியாது. ஞாயிறு விடிந்தால் அப்பா கிளீட்டஸ் பைக்கைக் கிளப்புவார். மகள் டெல்பின் பந்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறுவாள். இருவரும் டவுன் மைதானத்துக்குப் பறப்பார்கள். ஊரில் ஞாயிறு பூசை காலையில் ஒன்றுதான். அம்மா ரெஜினா மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு தனியாக மாதா கோயிலுக்குப் போவாள்.

ஒரு சனிக்கிழமை மாலை டெல்பின் கரையில் உதைத்த உதையில், பந்து உருண்டுபோய்க் கிளீட்டஸின் வள்ளத்தில் முட்டி நின்றது.

"நாளைக்கு அரையிறுதி. டெல்பின்தான் கேப்டன்" என்றது பந்து, யாரும் கேட்காமலே. "ஆமா, நீ என்ன பண்ணுவ? வழக்கம்போல மணல்ல படுத்துக் கிடப்பியா?"

"கெடப்பேன். ஞாயித்துக்கிழம இந்த ஊருல எந்த வள்ளமும் கடலுக்குப் போவாது."

"மீன் துள்ளினாலுமா?"

"துள்ளட்டும்."

பந்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சோம்பேறிக்கு நல்ல சாக்கு!"

வள்ளத்துக்குச் சுருக்கென்றது. "நான் எனக்காவவா சும்மா கெடக்கேன்? ஆறு நாளு கிளீட்டஸத் தூக்கிட்டு அலையுதேன். ஏழாம் நாளாவது பொண்டாட்டி பிள்ளையோட ஆண்டவருக்க முன்னால நிக்கட்டும்னு விட்டுக்குடுக்கேன். நான் விட்டுக்குடுத்த நாள நீ வந்து அள்ளிட்டுப் போற. வெக்கமா இல்ல ஒனக்கு?"

பந்து பதில் தேடுவதற்குள் டெல்பின் ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டாள். கிளீட்டஸ் வள்ளத்தைக் கட்டிப்போட வந்திருந்தார்.

"அப்பா, நாளைக்கு சாளை மீனு நெறையக் கிட்டும்னு சொல்லுதாவளே, போவலியா?"

"ஞாயித்துக்கிழமயா? ஆண்டவருக்க நாளுல்லா மக்ளே!"

"பின்ன எனக்காவ மட்டும் மைதானத்துக்கு ஏம்ப்பா போறிய?"

கிளீட்டஸ் கட்டுவதை நிறுத்தினார். கயிறு கையிலேயே நின்றது.

"நாளைக்கு நாம மூணு பேரும் பூச காணணும்ப்பா. கோச் சார்ட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

சொன்னாள். போனில் கோச் எகிறினார். "பூசை முடிஞ்சு நீ வரும்போது ஆட்டமே முடிஞ்சிருக்கும். கேப்டனை மாத்திருவேன், பார்த்துக்கோ."

"மாத்துங்க சார். திங்கக்கிழம பயிற்சிக்கு மொத ஆளா வந்து நிப்பேன்." போனை வைத்தபிறகு அழுதாள். அழுதாளே தவிர, சொன்ன சொல்லை மாற்றவில்லை.

பந்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விடியற்காலையில் உருண்டுபோய் வாசற்படியை மறித்து நின்றது. கோயில் மணி அடித்தது. டெல்பின் பந்தைக் கையிலெடுத்து ஒரு கணம் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு அப்பா அம்மாவோடு நடந்தாள். "நான் இல்லாம உங்க பொழுது எப்படிப் போகுதுன்னு பார்க்கிறேன்" என்று பந்து கறுவியது.

மத்தியானம் சேதி வந்தது. அவள் இல்லாமலேயே அணி ஜெயித்துவிட்டது. தோற்றிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார்கள். மகளின் தட்டில் அப்பா தன் பங்குக் கறியையும் எடுத்து வைத்தார்.

வெயில் தாழ்ந்ததும் ரெஜினாதான் சொன்னாள்: "அந்தப் பந்த எடு மக்ளே. கரைக்குப் போவோம்."

செருப்பு இரண்டைக் கழற்றிக் கோல் கம்பமாகப் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா கோல் காத்தாள். ஓங்கி உதைக்கப்போன கிளீட்டஸ் மணலில் மல்லாந்தார். டெல்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விசில் இல்லை. தப்பிப்போன பந்துக்காக யாரும் யாரையும் திட்டவில்லை. எத்தனை கோல் என்று ஒருவரும் எண்ணவில்லை.

எத்தனையோ போட்டிகளைக் கண்ட அந்தப் பந்து, அன்றைக்குத்தான் முதன்முதலாக விளையாடியது.