பாலத்தில் தாலி கட்டிய தணிகாசலம்

கொட்டாம்பூண்டி தணிகாசலத்துக்குப் பட்டணத்தில் பெண் அமைந்தது. கல்யாண மண்டபம் கடலுக்கு அந்தக் கரையில். நடுவில் ஒரு பெரிய பாலம். உயரமான கோபுரத்திலிருந்து கம்பிக் கயிறுகள் இழுத்துப் பிடித்திருக்கிற பாலம், சுங்கம் கட்டித்தான் போகவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒரே வேனில் சுங்கச்சாவடிக்கு வந்து சேர்ந்தார்கள். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மாலையும் கழுத்துமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தணிகாசலம் நிமிஷத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தான்.

சுங்கச்சாவடிப் பெண் ஃபாஸ்டாக் ஸ்டிக்கர் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போகச் சொன்னாள். உடனே வேனுக்குள் சபை கூடியது. முன்பக்கக் கண்ணாடி, பக்கவாட்டுக் கண்ணாடி, சீர்த்தட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி என்று எத்தனையோ இருக்க, எதில் ஒட்டுவது? கடைசியில், வயசுக்கு மரியாதை கொடுத்து, தாய்மாமன் அய்யாக்கண்ணுவின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டினார்கள்.

அய்யாக்கண்ணு ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே நீட்டி, ஸ்டிக்கரைப் படிக்கிற இயந்திரத்தை முறைத்தார். குறுக்குக்கட்டை தூக்கிக்கொண்டது. களைத்துப்போய் உள்ளே வந்தார். கட்டையும் இறங்கிவிட்டது. இப்படியே அவர் நீட்டவும் அது தூக்கவுமாக இருக்க, பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் பொறுக்கமாட்டாமல் அவர் தலையை வெளியிலேயே பிடித்து நிறுத்தி, வேனை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

பாலம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பலகை. அய்யாக்கண்ணு ஸ்டிக்கர் மறைக்காத ஒற்றைக் கண்ணால் எழுத்துக்கூட்டிப் படித்தார். பாதசாரிகளுக்கு அனுமதி இல்லை.

"பாதசாரின்னா யாரு?" என்றார் சித்தப்பா பூவராகன்.

"பாதத்தை ஊன்றவன்."

"நாம வேனுக்குள்ளதானே ஊன்றியிருக்கோம்?"

அய்யாக்கண்ணு யோசித்தார். "பாதம் வேன் மேல. வேன் பாலத்து மேல. அப்ப பாதம் எது மேல?"

எல்லோரும் காலைத் தூக்கி சீட்டில் மடக்கிக்கொண்டார்கள். டிரைவர் உமாபதி சட்டத்துக்குப் பயந்தவன். அவனும் தூக்கிக்கொண்டான். வேன் இருமி, குலுங்கி, நடுப்பாலத்தில் நின்றது.

தணிகாசலத்துக்குப் பகீரென்றது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, கல்யாணம் கைநழுவுகிறது. பெண் வீட்டுக்குப் போன் போடச் சொன்னான். எங்கே இருக்கிறீர்கள் என்று சம்பந்தி கேட்டார். அய்யாக்கண்ணு மேலே கயிறுகளைப் பார்த்தார், கீழே கடலைப் பார்த்தார். அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்று உள்ளதைச் சொன்னார். எதிர்முனையில் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

அதற்குள் ரோந்து வண்டியில் அதிகாரி ஒருவர் வந்து இறங்கி, வண்டியை உடனே எடுக்கச் சொன்னார்.

"எடுக்கலாம் சார்" என்றார் பூவராகன் பணிவாக. "ஆனா நாங்க உள்ள உக்காந்துக்கிட்டே எப்படி எடுக்கிறது? ஒரு கை பிடிங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாலத்தின் இரண்டு சாரிகளையும் பிரிக்கிற நடுச்சுவரில் சாய்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப்பக்கம், எதிர்ச்சாரியில், பெண் வீட்டு வேன் வந்தது. பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து சரியாகப் பக்கத்தில் நின்றது. ஜன்னலில் மணப்பெண் செண்பகவல்லி. அவளைப் பார்த்ததும் தணிகாசலத்துக்குப் போன உயிர் திரும்பியது. ஐயரையும் கையோடு ஏற்றி வந்திருந்தார்கள். நேரம் தாண்டப்போகிறது, இங்கேயே ஆகட்டும் என்றார் அவர்.

ஜன்னலுக்கு ஜன்னல் எட்டி, தணிகாசலம் தாலி கட்டினான். நாத்தனார் போடவேண்டிய மூன்றாம் முடிச்சை அதிகாரி போட்டார். காலை ஊன்றி நிற்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லாம் முடிந்து மூச்சு வாங்கியபோது தணிகாசலத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவு தூரமும் ஏன் ரிவர்ஸிலேயே வந்தீர்கள் என்று மாமனாரைக் கேட்டான்.

"பாலத்துல வண்டியைத் திருப்பக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கான் மாப்ளே. மண்டபத்துக்குத் திரும்பிப் போயாகணுமே? அதான் வரும்போதே திரும்பினாப்புல வந்துட்டோம்."

அய்யாக்கண்ணுவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் பூவராகனின் காதோரம் குனிந்தார்.

"இவ்வளவு விவரமான இடத்துல பொண்ணு எடுத்துட்டோமே" என்றார் கவலையாக. "நம்ம பையன் சமாளிப்பானா?"