கூழைக்கடாவின் பையில் மிஞ்சிய சொல்

கண் முன்னால் பார்க்கும், உடம்பு பின்னால் பாயும். தண்ணீரில் கறுப்பு, சட்டியில் சிவப்பு. அது என்ன?

இறால்தான். விடை எளிது. அது ஏன் பின்னால் பாய்கிறது என்பதற்குத்தான் ஒரு கதை வேண்டும்.

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் நிலவும் கடலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, சொற்களைப் பங்கிடும் வேலை கூழைக்கடாவுக்கு வாய்த்தது. அதற்குத்தான் அலகுக்குக் கீழே அவ்வளவு பெரிய பை இருக்கிறதே. யார் எந்தச் சொல்லை வாங்குகிறார்களோ, அவர்களுக்கு அந்தச் செயல் கைவரும். பை காலியாகும்வரை கூழைக்கடா எதையும் விழுங்க முடியாது.

நல்ல சொற்கள் உடனே தீர்ந்துவிட்டன. 'வளர்' நிலவுக்கு, 'பெருகு' கடலுக்கு, 'முந்து' இறாலுக்கு. அடியில் கிடந்தவற்றை எவரும் தொடவில்லை.

"எல்லாம் என் தலையெழுத்து" என்று முனகிக்கொண்டே கூழைக்கடா நிலவிடம் போயிற்று. "வளர்ந்துகொண்டே போனால் வானத்தில் இடம் ஏது? 'தேய்' என்பதையும் வாங்கிக்கொள். சந்தனக்கட்டை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாய், அவ்வளவுதான்."

நிலவு முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கியது.

கடலுக்கு 'வடி'. "இது அழிவதில்லை அப்பா, சோற்றிலிருந்து கஞ்சி வடிகிற மாதிரி இடம் மாறுவது" என்று விளக்கி விளக்கித் தொண்டை வறண்டது. குளம் தூங்கிக்கொண்டிருந்தது. 'வற்று' என்பதைக் கூழைக்கடா கரையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டது. அதன் பொருளைக் குளம் கோடையில்தான் தெரிந்துகொண்டது.

மிஞ்சியது 'பின்வாங்கு'. நண்டு தனக்குப் பக்கவாட்டே போதும் என்றது. கழிமுகத்தில் ஓர் இறாலம்மாவும் அவள் மகள் பொடிச்சியும் மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இதை எடுத்துக்கொள் இறாலம்மா. பசி காதை அடைக்கிறது."

"முந்துகிற குலம் அண்ணே எங்களுடையது. இதை வாங்கினால் கெளுத்திகூடச் சிரிக்கும்."

"சிரித்தால் உடம்பிலா ஒட்டப்போகிறது?"

"அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

"நான் வைத்துக்கொண்டால் எப்படியம்மா சாப்பிடுவது?"

"நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள், மாமா?" என்று கேட்டாள் பொடிச்சி.

கூழைக்கடா வேறு எங்கோ பார்த்தது.

"அதை என்னிடம் கொடுங்கள்" என்றாள் பொடிச்சி.

"தொடாதே. நாளைக்கு நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று அம்மா தடுப்பதற்குள் சொல் கைமாறிவிட்டது.

பை காலியானது. அந்த நொடியே கூழைக்கடா அலகைத் திறந்தபடி அவர்கள்மேல் பாய்ந்தது.

"முந்து, பொடிச்சி, முந்து" என்றாள் அம்மா, தெரிந்த ஒரே வழியை.

முன்னால் இருந்தது அலகு. பொடிச்சி அதைப் பார்த்தபடியே வாலைச் சுண்டி, அம்மாவின் மீசையையும் பிடித்து இழுத்துக்கொண்டு, பின்வாங்கினாள்.

இறால்கள் பின்னால் பாய்வது அன்று முதல்தான்.