சுவருக்கு நான்காவது பூச்சு

இதைச் சொல்லத் தொடங்கும்போதே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்களாவது பொறுமையாகக் கேட்டு, முடிவில் ஒரு நியாயம் சொல்லுங்கள்.

கார் இருக்கை செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. நெடுஞ்சாலையை ஒட்டிய கீழச்சேத்தூர் அரசுப் பள்ளிக்கு அதன் ஊழியர்கள் வருடத்தில் ஒரு சனிக்கிழமை பேருந்து பிடித்து வருவார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், தொப்பி. சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடித்து, பட்டாம்பூச்சி வரைந்து, படம் எடுத்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மூன்று வருடமாக இதே கூத்து. சுவர் என்னவோ கிண்ணென்றுதான் இருக்கிறது. நான்காம் வகுப்பின் மேல்தளம்தான் காரை பெயர்ந்து, கம்பி பல்லிளிக்கிறது.

தலைமை ஆசிரியை சகாயராணி கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து ஓய்ந்துபோனவர். நான்காவது வருடமும் வண்ணம் அடிக்க நாள் குறிக்க வந்தார் நிரஞ்சன், கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவு மேலாளர். சகாயராணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

"சுவர் போதும் சாமி! பிள்ளைங்க தலைக்கு மேல இருக்கறத முதல்ல பாருங்க தம்பி."

"எனக்குத் தெரியாதா மேடம்? கூரைக்கு நாலு கொத்தனார் போதும், எங்க ஆளுங்களுக்கு அதுல என்ன வேலை? தங்களோட கையால நல்லது செஞ்சோம்னு சந்தோஷப்பட்டா வேலைய விட்டுப் போக மாட்டாங்க. அதுக்காகத்தான் மேலிடத்துல பணமே தர்றாங்க. கூரைன்னு கேட்டா என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியும். அதான் கேக்கல."

கேட்கவே இல்லையாம்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவர் குறித்துவிட்டுப் போன சனிக்கிழமை வந்தது. வந்தவர்களின் கையிலிருந்து தூரிகையை வாங்கி வைத்துவிட்டு, சகாயராணி ஒரு கூட்டத்தை நேரே நான்காம் வகுப்புக்குள் அழைத்துப் போனார்.

"பெயிண்ட் அப்புறம். கொஞ்ச நேரம் எங்க பிள்ளைங்க பெஞ்சுல உக்காருங்க. மேல பாருங்க."

அவர்கள் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு பெயர்ந்து பிரார்த்தனா என்ற ஊழியரின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது. நல்லவேளை, தலை தப்பியது.

அப்புறம் பார்க்க வேண்டுமே வேகத்தை! அடுத்த வாரமே கம்பெனி ஆள் அனுப்பி, பழைய தளத்தை இடித்துப் புதுத்தளம் போட்டுவிட்டது. எங்கள் ஊழியர்களின் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம் என்று அறிக்கையும் விட்டது. விருந்தாளிகளை ஆபத்தில் உட்காரவைத்த குற்றத்துக்காகக் கல்வி அலுவலகம் சகாயராணியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது.

இப்போது சொல்லுங்கள். கேட்டாலும் கிடைக்காது என்று கேட்காமலே இருந்த நிரஞ்சன், தெரிந்தே விருந்தாளிகளை அங்கே உட்காரவைத்த சகாயராணி, தன் ஆளுக்கு அடிபட்டதும் ஓடிவந்து தளம் போட்ட கம்பெனி. இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் ஒருவரும் இல்லை. நிரஞ்சன் வாயைத் திறந்திருக்க வேண்டும். கம்பெனி தளம் போட்டது நல்ல காரியம்தான், ஆனால் பிள்ளைகளுக்காகப் போடவில்லை. சகாயராணி செய்ததும் தப்புதான், பிரார்த்தனா என்ன பாவம் செய்தாள்? ஆனால் ஐயா, பெரியவர்களைக் கொஞ்ச நேரம் அங்கே உட்காரவைத்ததற்கு இத்தனை பேர் கேள்வி கேட்கிறீர்கள். அதே பெஞ்சில் அவர் தினமும் பிள்ளைகளை உட்காரவைத்தாரே, அதற்கு அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?