நாற்பது பேரின் கருத்து

பல்கலைக்கழகத்தில் உலக அரசியல் பாடத்தில் எப்போதும் முதல் மதிப்பெண் தமயந்திக்குத்தான். அன்று வகுப்பைப் பார்வையிட ஆய்வுக்குழு வந்திருந்தது. "என் மாணவர்கள் நாற்பது பேரும் சுயமாகச் சிந்திப்பவர்கள்" என்று பேராசிரியர் வேதநாயகம் பெருமை அடித்துக்கொண்டார். கரும்பலகையைத் துடைக்க வந்த துப்புரவுப் பணியாளர் ராக்காயியைக் கண்டதும் அவருக்குக் குறும்பு தலைதூக்கியது.

"ஏம்மா, பதினோரு வருஷமா இங்கதானே இருக்க? இந்த நாற்பது பேரும் போரைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு ஒரே நிமிஷத்துல சொல்லு பார்ப்போம்!"

வகுப்பே சிரித்தது. தமயந்தியும் சிரித்தாள்.

"ஒரு நிமிஷம் எதுக்குங்கய்யா?" என்றாள் ராக்காயி. "பெரிய நாடு அடிச்சா பாதுகாப்பு, சின்ன நாடு திருப்பி அடிச்சா பயங்கரவாதம். வருஷா வருஷம் நீங்க எழுதுறீங்க, நான் அழிக்கிறேன். புள்ளைக மனசுலதான் அழிய மாட்டேங்குது."

சிரிப்பு நின்றுபோனது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். குழுத் தலைவி தமயந்தியைப் பார்த்து, "நீ சொல்லும்மா, உன்னோட கருத்து என்ன?" என்றார்.

தமயந்தி எழுந்தாள். நாக்கு நுனிக்கு வந்ததும் அதே வாக்கியம்தான். அதை விழுங்கிவிட்டு வேறொன்றைத் தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை.

"தெரியலை மேடம். நான் இதுவரைக்கும் யோசிச்சதே இல்லை" என்றாள். ராக்காயியை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு முகம் இல்லை.