ஊளைமலையில் நின்ற மூன்று கற்கள்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கும் காது கேட்ட காலத்திலே, செம்பாறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதற்கு மேற்கே ஒரு பெரிய மலை. பொழுது சாயும்போது அங்கிருந்து ஓநாய்களின் ஊளை கேட்கும். அதனால் அதற்கு ஊளைமலை என்று பேர். ஊளை கேட்டதும் ஆடு மேய்ப்பவர்கள் பட்டியை அடைப்பார்கள், பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். பயம்தான். ஆனாலும் பழகிய பயம்.

அத்தனை பெரிய மலையில் இருந்தது ஒரே ஒரு ஓநாய்க் குடும்பம். தகப்பன் ஓநாய் ஒன்று, தாய் ஓநாய் ஒன்று, பாதி வளர்ந்த குட்டி ஒன்று.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. புல் கருகியது. மான்களெல்லாம் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டன. பசி தாங்காத ஓநாய்கள் ஊருக்குள் இறங்கின.

தகப்பன் ஓநாய் அரண்மனைத் தோட்டத்தில் புகுந்து, ராஜா குன்றவேலன் ஆசையாக வளர்த்த புள்ளிமானைக் கொன்றது. தாய் ஓநாய், காத்தாயி என்ற ஆடு மேய்க்கிறவளின் பட்டியில் புகுந்து, ஈனும் தறுவாயில் இருந்த ஆடுகளைக் கடித்துப் போட்டது. குட்டி ஓநாய் என்ன செய்தது? இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். சோளக்கொல்லை ஓரத்தில் வெள்ளச்சி என்கிற பெண் தன் மகளைத் தூளியில் தூங்கப் போட்டுவிட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் பேர் கிளி. வெள்ளச்சி திரும்பிப் பார்த்தபோது தூளி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

நாடே கொதித்துப்போனது. ராஜா, பூநாகன் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டனுப்பினார். கழுத்தில் பாம்புச் சட்டையைச் சுற்றிக்கொண்டு அவன் வந்து நின்றான்.

"அந்த ஓநாய்கள் இனி இந்த நாட்டில் இருக்கக் கூடாது," என்றார் ராஜா.

"மகாராஜா, யோசிச்சுச் சொல்லுங்க. மழை பெய்தால் மான் திரும்பும், மான் திரும்பினால் ஓநாயும் மலையோடு இருக்கும்."

"யோசிச்சாச்சு."

"இன்னொரு தரம் யோசிங்க."

"யோசிச்சாச்சு என்றேனே!"

"சரி. யார் யாருக்கு நஷ்டமோ அவங்க என்னோடு வரட்டும்."

ராஜா, காத்தாயி, வெள்ளச்சி மூன்று பேரும் மலை ஏறினார்கள். உச்சிப் பாறையில் பூநாகன் ஏதோ ஒரு வேரைக் கொளுத்திப் புகை போட்டான். மூன்று ஓநாய்களும் தூக்கத்தில் நடப்பவைபோல வந்து வரிசையாக நின்றன.

"அவரவர் ஓநாய்க்கு முன்னால் நின்று, 'போ' என்று சொல்லுங்க," என்றான்.

"போ!" என்றார் ராஜா, சேவகனை விரட்டுகிறமாதிரி. தகப்பன் ஓநாய் கல்லானது.

"போ, நாசமாய்ப் போ!" என்றாள் காத்தாயி. தாய் ஓநாய் கல்லானது.

வெள்ளச்சிக்குக் குரலே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. குட்டி ஓநாய், தாயின் பக்கம் தலையைத் திருப்பியபடியே கல்லானது.

அன்று சாயங்காலம் ஊளை கேட்கவில்லை. ஊரெல்லாம் மேளம் கொட்டினார்கள். வெள்ளச்சி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் மழை பெய்தது. மான்கள் திரும்பி வந்தன. துரத்த ஆளில்லை, ஒளிய வேண்டியதில்லை. மான்கள் தின்றன, தின்றன, தின்றுகொண்டே இருந்தன. புல்லைத் தின்றன. புல் தீர்ந்ததும் செடியைத் தின்றன. செடி தீர்ந்ததும் முளைத்து வந்த மரக்கன்றுகளைத் தின்றன. காட்டுப்பன்றிகள் பெருகிக் கிழங்கையும் வேரையும் தோண்டிப் போட்டன. கிழட்டு மரங்கள் விழுந்தன, அந்த இடத்தில் வளர இளமரம் இல்லை. பிடித்துவைக்க வேர் இல்லாததால் மழைக்கு மலைமண் கரைந்து ஓடியது. வருஷம் முழுக்க ஓடிய ஓடை, மாசியிலேயே வற்றியது.

பல வருஷம் கழித்து மான்களுக்குச் சீக்கு வந்தது. குட்டையில் செத்து மிதந்தன. அந்தக் குட்டையில் தண்ணீர் குடித்த ஆடுகளுக்கும் சீக்கு தொற்றியது. காத்தாயியின் பட்டியில் ஓநாய் கொன்றது கொஞ்சம், சீக்கு கொன்றது கொள்ளை கொள்ளையாக.

செத்த ஆட்டுக்குட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு காத்தாயி ஒரு நாள் மலையை அண்ணாந்து பார்த்தாள். மொட்டையாக, வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது மலை. ஊளை நின்ற நாளிலிருந்துதான் மலை இப்படி ஆனது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து நேரே பூநாகனிடம் போனாள்.

"ஓநாய்களைத் திருப்பிக் கொண்டாரணும்," என்றாள்.

"என்னால் முடியாது. 'போ' என்று சொன்ன வாயேதான் 'வா' என்று சொல்லணும்."

"இவ்வளவுதானா? இப்பவே போய்ச் சொல்றேன்."

"கேளு. பொய்யாகச் சொன்னால் கல் அசையாது. அது வந்தால் என்னவெல்லாம் செய்யுமோ, அத்தனையும் தெரிந்து, அதற்கும் சம்மதித்துக் கூப்பிடணும்."

காத்தாயி மலை ஏறினாள். தாய் ஓநாயின் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கல்லின் காதில் பாசி படிந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"நீ வந்தால் என் ஆட்டைப் பிடிப்பே. எனக்குத் தெரியும். நான் அழுவேன், கம்பெடுத்துத் துரத்துவேன், அதுவும் தெரியும். இருந்தாலும் இது உன் வீடு. வா, தாயே."

கல் வெதுவெதுப்பானது. கல்லில் மயிர் முளைத்தது. தாய் ஓநாய் ஒரு மூச்சு இழுத்துவிட்டு உடம்பை உதறியது. முதல் வேலையாகப் பக்கத்தில் இருந்த குட்டியின் கல்லிடம் போய் அதன் முகத்தை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. காத்தாயியால் அதைப் பார்க்க முடியவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கி அரண்மனைக்கு ஓடினாள்.

ராஜாவுக்கு அப்போது வயதாகியிருந்தது. மூட்டுவலி வேறு. "ஒரு கல்லைப் பார்க்க நான் மலை ஏறணுமா?" என்றார்.

"ஏறித்தான் ஆகணும், மகாராஜா. உங்க வாயாலே போனது."

பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜா கல்லுக்கு முன்னால் நின்று, "வா! இது என் கட்டளை!" என்றார். கல் அசையவில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வா. அரண்மனையில் உனக்குத் தனி இடம் தருகிறேன். தினமும் கறி போடச் சொல்கிறேன்," என்றார். கல் அசையவில்லை.

அவர் சுற்றிலும் பார்த்தார். சின்ன வயதில் அப்பாவோடு குதிரையில் வந்த காடு அது. ஆள் உயரப் புல் நின்ற இடத்தில் இப்போது புழுதி பறந்தது. ராஜா பல்லக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு மானுக்காக இத்தனையும் அழித்துவிட்டேன்," என்றார். பிறகு, கேட்டும் கேட்காத குரலில், "வாப்பா. நான் இருக்கிற வரைக்கும் உன்மேல் ஒரு அம்பு விழாது. வா," என்றார்.

கல் அசைந்தது. தகப்பன் ஓநாய் ராஜாவை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் புழுதிக்குள் ஓடி மறைந்தது.

மிச்சம் ஒரு கல். காத்தாயி வெள்ளச்சியின் வீட்டுக்குப் போனாள். வெள்ளச்சி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். காத்தாயி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"காத்தாயிக்கா, உங்களுக்கு ஆடு செத்தா வேற ஆடு ஈனும். ராஜாவுக்கு வேற மான் வரும். நான் யாரைக் கொண்டாரட்டும்?"

காத்தாயி கீழே சிந்திய சோளத்தைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"அது வந்தா என்ன செய்யும்னு தெரிஞ்சு, அதுக்கும் சம்மதிச்சுக் கூப்பிடணும்னு சொல்றீங்க. என்னால முடியாதுக்கா. வேணும்னா, இனி 'போ'ன்னு சொல்லமாட்டேன். அவ்வளவுதான் முடியும்."

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

மூன்றில் இரண்டு திரும்பின. அதுவே மலைக்குப் போதுமானதாக இருந்தது. மான்கள் மறுபடியும் காதைத் தூக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் நில்லாமல் மேய்ந்தன. சீக்கு மான்களை ஓநாய்கள் முதலில் பிடித்தன. மான்கள் விலகிப்போன இடங்களில் மரக்கன்றுகள் தலை நீட்டின. ஓடையில் தண்ணீர் நின்றது. சில வருஷத்தில் புதிய குட்டிகளும் பிறந்தன.

எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை. காத்தாயியின் பட்டியில் மறுபடியும் ஆடு போனது. ராஜா முள்வேலி போட்டுக்கொடுத்தார், காவலுக்கு நாய் கொடுத்தார், போன ஆட்டுக்குப் பதில் அரண்மனைக் கிடையிலிருந்து ஆடு ஓட்டிவிட்டார். காத்தாயி அதைத் தடவிக் கொடுத்தபடியே போன ஆட்டுக்காக அழுதாள். 'போ' என்று மட்டும் சொல்லவில்லை.

வெள்ளச்சி விறகுக்காக மலை ஏறத் தொடங்கினாள். ஏறும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்த்தாள். தாய் ஓநாய், குட்டியின் கல்லை ஒட்டிப் படுத்திருக்கும். மழையானாலும் படுத்திருக்கும், வெயிலானாலும் படுத்திருக்கும். வேட்டையாடிய கறித் துண்டைக் கல்லின் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருக்கும். வெள்ளச்சி கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பாள். பிறகு விறகைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். அவள் வீட்டில் அந்தத் தூளித் துணி இன்னும் துவைக்காமல் இருந்தது.

பலமுறை அவளுக்கு 'வா' என்ற சொல் வாய்வரை வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இறங்கிவிடுவாள். மறுநாளும் வாய்வரை வரும். மறுநாளும் நாளைக்கு என்றாகிவிடும்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில், இன்று சொல்லிவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் ஏறினாள். தாய் ஓநாய் வழக்கம்போலக் கல்லை ஒட்டிப் படுத்திருந்தது. மூக்கில் பனி படிந்திருந்தது. வெள்ளச்சி பக்கத்தில் போனாள், அது எழவில்லை. குனிந்து தொட்டாள். உடம்பு குளிர்ந்து விறைத்துக் கிடந்தது. வயதான ஓநாய், முந்தின இரவுதான் அதற்கு உயிர் போயிருக்கிறது.

"ஐயோ," என்று உட்கார்ந்துவிட்டாள் வெள்ளச்சி. "நேத்து வந்திருக்கலாமே நான். நேத்து வந்திருக்கலாமே."

பிறகு அந்தக் கல்லின் கழுத்தில் கையை வைத்தாள்.

"என் பிள்ளையைத் தின்னது நீதான். அதை நான் மறக்கமாட்டேன். சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். நீ வந்தா இன்னும் என்னென்ன நடக்கும்னும் தெரியும். உன் அம்மா உனக்காகக் காத்துக்கிட்டே போய்ட்டா. வா. எழுந்து வந்து அவளைப் பாரு."

அவள் கைக்கு அடியில் கல் துடித்தது. கல்லாயிருந்த காலமெல்லாம் கணக்கில் சேரவில்லை. அது அதே பாதி வளர்ந்த குட்டியாகவே எழுந்தது. திருப்பியிருந்த தலையை நிமிர்த்தி, தாயை மோந்தது. மூக்கால் தள்ளிப் பார்த்தது. மறுபடி தள்ளிப் பார்த்தது. பிறகு தாயின் வயிற்றோரம் சுருண்டு படுத்துக்கொண்டது.

வெள்ளச்சி ஓடவில்லை. தாய் ஓநாயின் இந்தப் பக்கம் அவளும், அந்தப் பக்கம் அதுவுமாக உச்சி வெயில் வரைக்கும் இருந்தார்கள். குட்டி கல்லாயிருந்தபோது பிறந்த ஓநாய்கள் புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து மெல்ல முனகின. குட்டி எழுந்து, தயங்கித் தயங்கி, அவற்றோடு போனது. வெள்ளச்சி கல்லும் தழையும் பொறுக்கி வந்து தாய் ஓநாயை மூடிவிட்டு இறங்கினாள்.

அத்தோடு பூநாகனின் மந்திரம் முழுசாக அறுந்தது. செம்பாறை நாட்டில் மரம் திரும்பியது, தண்ணீர் திரும்பியது, ஆடும் மாடும் பெருகின. ராஜா வெள்ளச்சியின் கொல்லைக்கு ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார். அவள் சோளம் அந்தச் சீமையிலேயே நன்றாக விளைந்தது. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது. வெள்ளச்சி கேட்டது, தாய் ஓநாய் உயிரோடிருந்த ஒரே ஒரு முந்தின நாள். அதை மட்டும் அவளுக்குக் கொடுக்க எந்த மந்திரவாதியாலும் முடியவில்லை.